வடசென்னைப் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? பாதுகாப்பு விசாரிப்பதில் சறுக்கும் இடங்கள்

விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, மாதவரத்தில் அடுத்த கட்ட வேலை நடக்கிறது, வாடகையும் ரொம்பக் கையைக் கடிக்காது. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு உறவுக்காரர் யாராவது மெதுவாகக் கேட்பார்: "அதெல்லாம் சரி, பொம்பளப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் இருக்க முடியுமா?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்பவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் சினிமாவில் பார்த்த பட்டாக்கத்தி. இங்கே குடியிருப்பவர் பயப்பட வேண்டியவை வேறு: லாரி, தண்ணீர், காற்று. கத்தியைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு இந்த மூன்றையும் கேட்காமல் அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பலவும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

ஏரியா பெயரை வைத்துத் தீர்ப்பு சொல்வது

வடசென்னை என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரே ஊர் இல்லை. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் தனித்தனி நகராட்சிகளாக இருந்து 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. செங்குன்றமும் மீஞ்சூரும் இன்னும் அதற்கு வெளியே இருக்கின்றன. பெரம்பூரின் ரயில்வே குடியிருப்பு, காசிமேட்டின் மீனவர் தெரு, மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பு, கொளத்தூரின் புது அடுக்ககங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரே வியாசர்பாடிக்குள் ராத்திரி பதினொன்றுக்கும் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும் தெருவும் உண்டு. ஏழு மணிக்கே ஆளரவம் இல்லாத கிடங்குச் சந்தும் உண்டு. புழலில் வீடு என்றால் "ஜெயில் பக்கத்திலா?" என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். சிறையைச் சுற்றி எந்நேரமும் போலீஸ் இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

"சென்னையின் ஆபத்தான பத்து ஏரியாக்கள்" என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் சென்னை முழுவதற்கும் சேர்த்துத்தான் எண்ணிக்கை வரும். ஏரியாவாரியாகப் பிரித்துத் தருவதில்லை. பத்திரிகையில் வரும் கொலைச் செய்திகளும் பெரும்பாலும் முன்விரோதம், கோஷ்டி மோதல் வகை. புதிதாகக் குடிவரும் குடும்பத்துக்கு அந்தக் கணக்குகளில் பங்கில்லை. உங்களைத் தேடி வரக்கூடியது செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு, பைக் திருட்டு, பூட்டிய வீட்டில் கன்னம் வைப்பது. இவை அண்ணா நகரிலும் நடக்கின்றன, வேளச்சேரியிலும் நடக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கேட்டட் கம்யூனிட்டி, வாட்ச்மேன், சிசிடிவி என்று விளம்பரத்தைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் விடுவது. கேட்டுக்கு உள்ளே எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள அரை கிலோமீட்டர் இருட்டுதான் ஷிப்ட் முடிந்து வரும் உங்கள் மகள் தினமும் நடக்கப்போகிற பாதை. கேமரா இருக்கிறதா என்று கேட்பதைவிட, நேற்றைய பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் அதை எடுத்துக் காட்ட யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வீடு பார்ப்பது

புரோக்கர்கள் விரும்பும் நேரம் அது. சாலை காலி, வெயில் பளிச்சென்று, எதிர்வீட்டு வாசலில் கோலம். வார நாளில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்போதுதான் கண்டெய்னர் லாரிகளின் உலகம் தெரியும். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் போகும் வரும் ட்ரெய்லர்கள் எண்ணூர் விரைவு சாலை, மணலி சாலைகள், மாதவரத்திலிருந்து போகும் 200 அடி சாலை வழியாகத்தான் ஓடுகின்றன. துறைமுக வாசலில் நெரிசல் என்றால் வரிசை கிலோமீட்டர் கணக்கில் பின்னுக்கு வளரும். சர்வீஸ் சாலையில் நிறுத்தியிருக்கும் லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பள்ளிப்பிள்ளை சைக்கிளில் வெளியே வந்தால், வருகிற டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

என்னைக் கேட்டால், இந்தப் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் மிகப் பெரிய அபாயம் இதுதான். இதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. ட்ரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது பக்க ஓரத்தில் நிற்கும் ஸ்கூட்டி டிரைவரின் கண்ணாடியில் பல சமயம் தெரிவதில்லை. சிக்னலில் அதன் இடது பக்கம் நுழைந்து நிற்பது, "எப்படியும் பார்த்திருப்பான்" என்று நம்பி ஓவர்டேக் செய்வது, மழைக்காலத்தில் பள்ளத்தைத் தவிர்க்க லாரிப் பக்கம் ஒதுங்குவது மூன்றையுமே விட்டுவிட வேண்டும். வீடு தேர்வு செய்யும்போது ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்: பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வீடும் பெரிய சாலைக்கு ஒரே பக்கமாக இருக்கட்டும். அதற்காக வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டி மார்க்கம், அரக்கோணம் மார்க்கம் எதுவானாலும் பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி ஊர்ந்துதான் போகும். படியில் நின்று போன் பார்ப்பவர்களின் போனைத் தட்டிவிட்டு எடுப்பது அந்த மாதிரி இடங்களில்தான். போன் போனால் போகட்டும். அதைப் பிடிக்கக் கையை நீட்டித் தவறி விழுவதுதான் கொடுமை.

"2015-ல் தண்ணீர் வரலை" என்ற பதிலோடு திருப்தி அடைவது

புரோக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2015 வெள்ளத்தில் பெரிதாகப் பேசப்பட்டது அடையாறு. வடக்கே தண்ணீர் வரும் வழி வேறு. பூண்டி ஏரியில் திறந்துவிடும் நீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி, மணலி புதுநகரைத் தொட்டுக்கொண்டு எண்ணூரில் கடலுக்குப் போகும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் மூழ்கியது அப்படித்தான். புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அது நிரம்பும் தறுவாயில் திறக்கும் உபரி நீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், சடையங்குப்பம் வழியாக வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இவற்றோடு பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்துகொண்டது. அந்த முறை எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. சுவரில் படிந்த கறுப்பைச் சுரண்டி எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

எனவே மூன்று வருடத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்க வேண்டியது புரோக்கரிடமோ ஹவுஸ் ஓனரிடமோ இல்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் "அண்ணே, 2021-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் முட்டியையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார். அவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. கரண்ட் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் வெளியே போகும் வழி அடைபட்டால் ஆம்புலன்ஸ் வராது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை கனமழை பெய்தாலே மூழ்குவது ஊரறிந்த கதை. உங்கள் தெருவுக்கு மாற்றுவழி எது என்று வெயில் காலத்திலேயே தெரிந்து வைத்திருங்கள்.

ஏரியைத் திறக்கப் போகிறோம் என்ற அறிவிப்பை வெறும் செய்தியாகக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. பூண்டியில் திறந்த நீர் மணலி புதுநகருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். வண்டியை மேட்டுக்கு ஏற்றவும், சான்றிதழ்களை மாடிக்குக் கொண்டுபோகவும் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

காற்றைப் பகலில் மட்டும் முகர்ந்து பார்ப்பது

மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள், எண்ணூர், அத்திப்பட்டில் அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூரில் குப்பைமேடு. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அளவுகளை வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். ஆனால் அன்றைய தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கைத் துளைக்கும் நெடி அந்தச் சராசரியில் கரைந்துவிடும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது செயலியைவிட நல்லது. மனை வாங்குவதாக இருந்தால் சர்வே எண்ணை வைத்து, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அந்த நிலத்தை எந்த உபயோகத்துக்கு ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். அபாயகரமான தொழிற்சாலைகளுக்கென்றே அதில் தனி வகை உண்டு. பக்கத்து மனை எந்த வகையில் வருகிறது என்பதும் முக்கியம்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூக்கத்தில் இருந்தவர்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. அப்படி ஒரு நேரத்தில் காற்று போகும் திசையிலேயே ஓடினால் நெடியும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு காப்பாற்றும். என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கக் கூட்டமாக நிற்கவே கூடாது.

வாட்ஸ்அப் பீதியும் போலீஸ் ஸ்டேஷன் எல்லையும்

குடியிருப்பு குழுவில் "குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது" என்று ஒரு குரல்பதிவு வந்தால் பத்து குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம். 2018 மே மாதம் இப்படிப்பட்ட வதந்தியில்தான் பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். சந்தேகம் என்றால் 112-க்குப் போன் போடுங்கள். வடமாநிலத் தொழிலாளி தெருவில் நிற்பது மட்டும் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. மணலி ஆலைகளும் மாதவரம் கிடங்குகளும் ஓடுவதே அவர்களால்தான்.

2022-ல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்த பிறகு, மாநகராட்சி எல்லையும் போலீஸ் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க முடியாது. குடிவந்த வாரத்திலேயே உங்கள் தெரு எந்த ஸ்டேஷன் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் "இது எங்க லிமிட் இல்லை" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்தாக வேண்டும். சின்னப் புகார் என்றாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லி வைத்தால் ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். போகிற படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சிக்கு 1913. படிக்கட்டு விளக்கு, மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள், உயரத்தில் மாற்ற வேண்டிய மீட்டர் பெட்டி மூன்றும் ஹவுஸ் ஓனர் பொறுப்பு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்து வாங்கிவிடுங்கள். கொடுத்த பிறகு "பார்க்கலாம் சார், அடுத்த மாசம்" என்பார்.