கோத்தகிரியிலிருந்து ஜூபாவுக்கு: போர் நடக்கும் ஊரில் முதல் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஒரு நிவாரண அமைப்பின் மருத்துவமனைகளில் ஜெனரேட்டரும் தடுப்பூசி ஃபிரிட்ஜும் பார்க்கிறேன். தெற்கு சூடானுக்கு, அதன் தலைநகர் ஜூபா வழியாக, இரண்டு முறை போய் வந்தாகிவிட்டது. ஊரில் எல்லோரும் கேட்பது "பயமா இருக்காதா?" என்றுதான். பயம் அங்கே போனபின் வருகிற சமாச்சாரம். அதற்கு முன்னால், மலை இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலையே ஆறேழு வாரத்துக்கு இருக்கிறது. அதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

1. வேலை நிஜம்தானா என்று பாருங்கள்

"ஹெல்பர் வேலை, நல்ல சம்பளம்" என்று ரஷ்யாவுக்கு அழைத்துப் போகப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள் சிலர் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டதும், சிலர் அங்கேயே இறந்ததும் 2024-ல் செய்தியாக வந்தது. ஆகவே முதல் கேள்வி சம்பளம் அல்ல, ஏஜெண்ட் யார் என்பதுதான். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் வரியும்தான். ஒழுங்கான நிவாரண அமைப்பு உங்களிடம் ஒரு பைசா கேட்காது. "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது தேறாதவர்களுக்கு வரும் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று அச்சாகியிருக்கும். அதை வைத்துக்கொண்டு இராக், லிபியா, ஏமன், சூடான் மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ 10 லட்சம் வரை கிடைக்கும்.

வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: காப்பீடு யார் பொறுப்பு, அடிபட்டால் யார் செலவில் வெளியே கொண்டுவருவார்கள், "இந்த ரோட்டில் இன்றைக்குப் போக மாட்டேன்" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா. சாதாரணப் பயணக் காப்பீட்டில் போரால் வரும் சேதம் பெரும்பாலும் சேராது. பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

2. காகிதங்கள்

என் பாட்டி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர். மலையகத் தமிழர்களைத் திரும்ப அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். வழியெல்லாம் காகிதங்களை ரப்பர் ஷீட்டில் சுற்றி இடுப்பிலேயே கட்டியிருந்தாராம். நானும் அதைத்தான் செய்கிறேன். பாஸ்போர்ட், விசா, ஊசிச் சான்று, ரத்த வகை, எல்லாவற்றின் நகலும் உடம்போடு ஒரு செட், பையில் ஒரு செட், வீட்டில் ஒரு செட். பேங்க் நாமினி, உயில், நகை அடகுச் சீட்டு இருக்கும் இடம் எல்லாவற்றையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் அந்த நாட்டைப் பார்க்கும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். 2023-ல் சூடானிலிருந்து ஆபரேஷன் காவேரியில் நம்மவர்களை போர்ட் சூடான் வழியாக ஜெட்டாவுக்குக் கொண்டுவந்தார்களே, அப்படி ஒரு நாள் வந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. வீட்டோடு பேசி வைக்க வேண்டியது

இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். ஒருவேளை யாராவது உங்களைப் பிடித்து வைத்தால், நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய உங்களுக்கும் வீட்டுக்கும் மட்டுமே பதில் தெரிந்த கேள்வி வேண்டும். அம்மா பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் உதவாது, ஃபேஸ்புக்கிலேயே இருக்கும். எங்கள் பழைய கேள்வி இது (இப்போது மாற்றிவிட்டோம்): "காட்டுமாடு கிணற்றில் விழுந்த அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது?" பீன்ஸ் பொரியல். வேடிக்கை பார்க்க ஓடியதில் தீய்ந்து போனது. கேள்வியும் பதிலும் அமைப்பின் பாதுகாப்பு அதிகாரியிடம் மூடிய உறையில் இருக்கும்.

ஆபத்து என்று நேரடியாகச் சொல்ல முடியாதபோது பேச்சில் நுழைக்க ஒரு வாக்கியமும் வேண்டும். எங்களுடையது, "இங்கே டீ ரொம்ப நல்லா இருக்கு". கோத்தகிரிக்காரன் வெளியூர் டீயை மெச்சினால் என்னமோ தப்பு என்று அம்மாவுக்குப் புரியும்.

4. உடம்பு

மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில்தான். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுசுக்கும் போதும். சான்று இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். நான் முதல் முறை வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் நிறுத்திவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

நம் மலைக்காரர்களுக்கு வெயில் தனிப் பிரச்சினை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். நான் கடைசிப் பத்து நாள் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கி, தினம் மதியம் ஒரு மணி நேரம் நடந்தேன். பத்துக் கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு. தகடு வைத்த குண்டு துளைக்காத உடுப்பு ஏறக்குறைய அவ்வளவு கனம் வரும். தகடு இல்லாத மெல்லிய உடுப்பு கைத்துப்பாக்கிக்குத்தான், ரைஃபிள் குண்டுக்கு நிற்காது. அதைச் சொந்தமாக வாங்கிக் கொண்டுபோக வேண்டாம். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அமைப்பே அங்கே கொடுக்கட்டும்.

அப்புறம் டூர்னிக்கெட். கை காலில் ரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டும் பட்டை, திருகி இறுக்க ஒரு குச்சியும் அதை மாட்ட ஒரு கொக்கியும் இருக்கும். குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்து ஓய்வு பெற்ற பட்டாளத்து மாமா ஒருவர் எனக்கு இதைத் திண்ணையில் உட்கார்த்திக் கற்றுக்கொடுத்தார். காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் வராமல் பட்டையைச் சுற்றி, முதலில் கையாலேயே முடிந்த மட்டும் இழுக்க வேண்டும். இழுக்காமல் குச்சியைத் திருகினால் திருகிக்கொண்டே இருக்கலாம், ரத்தம் நிற்காது. நின்றதும் குச்சியைக் கொக்கியில் மாட்டி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். வலியில் கத்துவார்கள், அதற்காகத் தளர்த்தக் கூடாது. மாமா பிறகு என் கண்ணைக் கட்டி, ஒரே கையால் என் தொடையிலேயே கட்டச் சொன்னார். முதல் தடவை மூன்று நிமிடம் ஆனது. "செத்துப் போயிட்டே, மறுபடி கட்டு" என்றார். பழகுவதற்கு ஒன்று, கொண்டுபோக ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். மலிவு விலைப் போலிகளில் குச்சி முறியும்.

ஐ.நா.வின் பிசேஃப் (BSAFE) என்ற பாதுகாப்புப் பாடம் ஆன்லைனில் இலவசம். அதையும் முடித்துவிடுங்கள்.

5. பை

வெலிங்டன் பக்கத்துப் பையன்களுக்குப் பட்டாளத்து டிசைன் பேண்ட் மேல் தனி ஆசை. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நீங்கள் சிப்பாய். சாட்டிலைட் போன் வேண்டாம். இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டுவீர்கள். டாலர் நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். 2006-க்கு முந்திய நோட்டை ஜூபாவில் தொட மாட்டார்கள். உள்ளூர் விமானத்தில் 20 கிலோ என்றால் 20 கிலோதான், ஊறுகாய் பாட்டிலுக்குச் சலுகை கிடையாது.

ஸ்வெட்டர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். வழியில் மாறும் அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரம். நான் அரைக்கைச் சட்டையோடு ஆறு மணி நேரம் நடுங்கியிருக்கிறேன், அதுவும் நீலகிரிக்காரன்.

போனில் வாட்ஸ்அப்பில் வந்த போர் வீடியோ, துப்பாக்கிப் படம், அரசியல் மீம் எல்லாவற்றையும் அழியுங்கள். செக்போஸ்டில் போனை வாங்கிப் பார்ப்பார்கள்.

6. கிளம்புவதும் போய்ச் சேர்வதும்

ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பினால் முதல் நாளே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுங்கள். மண் சரிந்து ரோடு அடைத்தால் கோவை விமானம் காத்திருக்காது.

அங்கே செக்போஸ்டில் வண்டி மெதுவாகட்டும், கண்ணாடி இறங்கட்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், கை வெளியே தெரியட்டும். டிரைவர் மட்டும் பேசுவார். படம் எடுக்கவே கூடாது, நைல் பாலத்தைக்கூட. தார் ரோட்டைவிட்டு ஒதுங்கி ஒன்றுக்குப் போகக் கூடாது. கன்னிவெடி உள்ள நாட்டில் ரோட்டோரப் புல் நம்முடையது அல்ல.

முதல் ராத்திரி தூங்கும் முன் பாதுகாப்பு அறை எங்கே என்று நடந்து போய்ப் பாருங்கள், படத்தில் பார்த்தால் போதாது. சுடும் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் போகாமல் தரையில் படுத்து, உங்களுக்கும் வெளிக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கும்படி ஊர்ந்து போங்கள். ஷூ கட்டிலடியில், தலை மாட்டில் டார்ச், தண்ணீர், காகிதப் பை.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு செய்தி. ஜூபா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நான் அனுப்பும்போது கோத்தகிரியில் நடு ராத்திரி. அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "வந்து சேர்ந்தேன். டீ வாயில வைக்க முடியல" என்று அனுப்பினேன். "சரி, தூங்கு" என்று பதில் வந்தது.