தாத்தா பாட்டி கையில ஸ்மார்ட்போன் கொடுத்தா மொதல்ல செய்ய வேண்டியது

மலேசியாவுல செந்தூல்ல இருக்கற எங்க தாத்தாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு கல்யாண கார்டு வந்துச்சு, தெரியாத நம்பர்தான், யாரோ சொந்தக்காரங்கன்னு நெனச்சு தட்டிட்டாரு, பாத்தா அது கார்டே இல்ல, ஏபிகே ஃபைல், அதாவது போன்ல ஆப்ப ஏத்தற ஃபைல். அது உள்ள போயிட்டா மெசேஜ்ல வர்ற ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போயிரும். மனுசன் ரெண்டு நாள் வாயே திறக்கல, போனை தலகாணி அடியில வச்சிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. ஏன் தாத்தா சொல்லலன்னு கேட்டா "நீ ஏசுவேன்னு பயந்துட்டேன்யா"ன்னாரு. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு.

அதனால செட்டிங்ஸ தொடறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, எதைத் தட்டினாலும் உடனே எனக்கு போன் அடிங்க, ஏச மாட்டேன்னு. சொன்னா அப்படியே நடந்துக்கணும்.

அப்புறம் பக்கத்துல உக்காந்து, போன் அவங்க கையிலயே இருக்கட்டும், பிடுங்காதீங்க, அவங்க விரல்தான் பழகணும். எழுத்தப் பெருசாக்குங்க. வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு 6 இலக்க நம்பர் வைங்க. ஆண்ட்ராய்டு போன்னா செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்"னு இருக்கும், அதுல வாட்ஸ்அப், குரோம் ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க, இது ரொம்ப முக்கியம்.

போலீஸ், கோர்ட், வருமான வரி ஆபீஸ் எல்எச்டிஎன்னு சொல்லி போன் அடிக்கறவன் எப்பவும் "வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க"ம்பான், அந்த வார்த்தை காதுல விழுந்தா போனை வச்சிரணும்னு திரும்பத் திரும்ப சொல்லிக்கொடுங்க. இபிஎஃப், அதாவது ஓய்வுக்கால சேமிப்புக் காசு இருக்கற அக்கவுண்ட போன்ல சேர்க்கவே வேணாம், மார்க்கெட் செலவுக்கு 200 வெள்ளி இருக்கற அக்கவுண்ட் போதும், டிரான்ஸ்ஃபர் லிமிட்டையும் கொறைச்சிருங்க.

அப்படியும் காசு போயிட்டா யோசிச்சிட்டு நிக்காதீங்க, பேங்குக்கோ 997க்கோ ஒடனே அடிக்கணும், 2022ல மோசடிப் புகாருக்குன்னே ஆரம்பிச்ச நம்பர் அது, பேங்க் ஆப்ல கில் ஸ்விட்ச் இருந்தா அதையும் தட்டி அக்கவுண்ட முடக்குங்க, அதுக்கப்புறம் போலீஸ் ரிப்போர்ட். ஏபிகே தட்டிட்டாங்கன்னா மொதல்ல வைஃபை, டேட்டா ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு வேற போன்ல இருந்து கூப்பிடுங்க. 997ஐயும் உங்க நம்பரையும் பெருசா எழுதி போன் கவருக்குள்ள வச்சிருங்க.

தாத்தா இப்பல்லாம் தெரியாத நம்பர்ல எது வந்தாலும் தட்டாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிடறாரு. போன வாரம் வந்தது நெசமாவே ஈப்போ அத்தை மகன் கல்யாண கார்டு, அத்தைக்கு அடிச்சுக் கேட்டுட்டு "தொறங்க தாத்தா"ன்னேன்.