சீனக் கூட்டாளிகளுடன் பேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவுக்குச் சரக்கு வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் கொடுங்கள் என்பதாகத்தான் இருக்கும். கொடுங்கள், நல்லதுதான். ஆனால் ஒரு கையால் கொடுத்ததால் நின்றுபோன ஆர்டரை நான் கேள்விப்பட்டதில்லை. பணம் போவது வேறு இடங்களில்.

குவாங்சோ நகரின் கேண்டன் வர்த்தகக் கண்காட்சியிலும் யீவு மொத்த விற்பனைச் சந்தையிலும் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு, விலையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது. பேரம் பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அது அவர்களுக்கும் பழக்கம். ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்டால், முகத்தில் அடித்தாற்போல் மறுக்கப் பலருக்கு மனம் வராது. ஆர்டரை விடவும் மனமிருக்காது. சரி என்பார்கள். அப்புறம் அந்த விலைக்குக் கட்டுப்படியாகிற பொருளைச் செய்வார்கள். துணியில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை) குறையும், ஸ்டீல் தகடு மெலியும், அட்டைப்பெட்டி நைந்துபோகும். சாம்பிள் அருமையாக இருக்கும், மூன்றாவது கன்டெய்னரில்தான் விஷயம் தெரியும். எனவே விலையைக் குறைக்கச் சொல்லும்போதே, 'இந்த விலைக்கு எதை மாற்றுவீர்கள்?' என்றும் கேளுங்கள். வந்த பதிலை அளவு, எடை, மூலப்பொருள் என்று எழுத்தில் வாங்குங்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சரக்கு கப்பலேறும் முன் என்பது பரவலான வழக்கம். அந்த 70 போவதற்கு முன் ஆள் வைத்துச் சோதித்துவிடுங்கள். பணம் முழுதும் போன பிறகு உங்களிடம் பிடி எதுவும் இல்லை.

'15ஆம் தேதிக்குள் முடியுமா?' என்று கேட்பதும் வீண். முடியும் என்றுதான் பதில் வரும். துணி என்றைக்கு வரும், ஆலையில் எந்தத் தயாரிப்பு லைனில் ஓடும், அந்த லைனில் இப்போது யாருடைய ஆர்டர் ஓடுகிறது என்று கேட்டால் நிலவரம் வெளியே வரும். நம்மூரில் 'பாத்துக்கலாம் சார்' என்பவரிடம் வேலை நடக்காது என்று நமக்குச் சட்டென்று புரிகிறது. வெளிநாட்டில் மட்டும் அந்தச் சாமர்த்தியத்தை எங்கோ வைத்துவிடுகிறோம்.

கையெழுத்தானதும் பேச்சு முடிந்தது என்று நினைப்பது பெரிய நிறுவனங்களையும் கவிழ்த்த தவறு. நிலைமை மாறினால் ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசலாம் என்பது அங்கே பலருக்கும் இயல்பான எண்ணம். பிரான்சின் உணவு நிறுவனமான டனோனும் ஹாங்சோவின் பான நிறுவனமான வாஹாஹாவும் 1996ல் கூட்டு நிறுவனம் தொடங்கின. பின்னாளில் அதில் 51 சதவீதம் டனோன் வசம் வந்தது. வாஹாஹா பிராண்டைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக எழுதியிருந்தார்கள், சீன வணிகமுத்திரை அலுவலகம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வாஹாஹா தலைவர் சோங் சிங்ஹோ வெளியே தனி ஆலைகள் வைத்து அதே பெயரில் பானம் விற்கிறார் என்று 2007ல் டனோன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. ஸ்டாக்ஹோம் நடுவர் மன்றம், அமெரிக்க நீதிமன்றம் என்று சண்டை நீண்டது. ஊழியர்களும் விநியோகஸ்தர்களும் சோங் பக்கம் நின்றார்கள். வணிகத் தகராறு, உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் நடக்கும் மோதலாக மாறிவிட்டது. 2009ல் டனோன் தன் பங்கை வாஹாஹாவிடமே விற்றுவிட்டு வெளியேறியது. டனோனின் வாதம் பலவீனமானது என்று சொல்ல முடியாது. ஆனால் தினமும் தொழிலை நடத்தியவர் சோங். எதிராளிக்குப் பின்வாங்க வழி விடாமல் டனோன் ஊரறியச் சண்டை போட்டது அவருக்கே பலமானது.

இதைப் படித்துவிட்டு, உறவு இருந்தால் போதும், தாள் எதற்கு என்று எதிர்ப்பக்கம் சாய வேண்டாம். அங்கே கையெழுத்தைவிட நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரைக்கு மதிப்பு அதிகம். 2020 ஜூனில், சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் சீனக் கூட்டு நிறுவனமான ஆர்ம் சீனாவின் இயக்குநர் குழு தலைமை அதிகாரி ஆலன் வூவை நீக்கியது. முத்திரையும் சட்டப் பிரதிநிதி என்ற பதிவும் அவரிடம் இருந்ததால் 2022 ஏப்ரல் வரை அவரை அசைக்க முடியவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள முத்திரை, வணிக உரிமத்தில் இருக்கும் சீனப் பெயர், 18 இலக்கப் பதிவு எண், வங்கிக் கணக்குப் பெயர் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆங்கிலப் பெயர் வெறும் அலங்காரம். கடைசி நேரத்தில் தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கலாச்சாரம் காரணமில்லை. தகராறு வந்தால் நடுவர் மன்றம் என்று எழுதுவது நல்லது. ஒரு நாட்டு நடுவர் தீர்ப்பை மற்ற நாட்டிலும் ஏற்கச் செய்யும் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா, சீனா இரண்டும் இருப்பதால் அந்தத் தீர்ப்பை அங்கே நிறைவேற்றக் கேட்க வழி உண்டு. இந்திய நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுபோய் நிற்பது பெரும்பாடு.

சரக்கில் குறை இருந்தால் தயங்காமல் கேளுங்கள், ஆனால் குழு சாட்டில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். முதலாளியை அவருடைய ஆட்களுக்கு எதிரே மடக்கினால், அவர் குறையைச் சரிசெய்வதைவிடத் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். படத்தையும் அளவையும் தனியாக அனுப்பி, 'எப்படிச் சரிசெய்யலாம்?' என்று கேட்டால் வேலை நடக்கும். அங்கே வியாபாரமே வீசாட் செயலியில்தான். இந்தியாவில் 2020 ஜூன் முதல் அதற்குத் தடை என்பதால், வாட்ஸ்அப்பா மின்னஞ்சலா என்று முதல் சந்திப்பிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விருந்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். கதவைப் பார்த்தபடி நடு இருக்கையில் அமர்பவர்தான் வழக்கமாக விருந்து தருபவர். பகலில் உங்களிடம் பேசியவர் அவரா என்று பாருங்கள், முடிவெடுப்பவர் யார் என்பது பாதி புரிந்துவிடும். குடிக்காதவர் தேநீர்க் கோப்பையை உயர்த்தலாம். சைவம் என்றால் முன்கூட்டியே, முட்டையும் இறைச்சிச் சாறும் ஆகாது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காலண்டர். சீனப் புத்தாண்டு பெரும்பாலும் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அரசு விடுமுறை ஏறக்குறைய ஒரு வாரம்தான் என்றாலும், தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் பல ஆலைகளில் மூன்று, நான்கு வாரம் ஓடிவிடும், சிலர் திரும்புவதே இல்லை. டிசம்பரில் ஆர்டர் போட்டு ஜனவரி கடைசியில் சரக்கு கேட்பவர் அவசர வேலையைத்தான் வாங்குகிறார். விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் லாட்டை, புது ஆட்கள் செய்தது என்று எண்ணியே சோதியுங்கள்.