ஜப்பானியக் காடைக் குஞ்சுகளைப் புரூடரில் வளர்த்தெடுக்கும் முறை: முதல் மூன்று வாரங்கள்

முட்டையிலிருந்து வெளிவரும் ஜப்பானியக் காடைக் குஞ்சு ஏறக்குறைய 8 கிராம் எடைதான் இருக்கும். கோழிக்குஞ்சோ 35 முதல் 40 கிராம் வரை இருக்கும். புதிதாகக் காடை வளர்க்க முன்வருபவர்களில் பலர், கோழிக்குஞ்சுக்குச் செய்த ஏற்பாட்டை அப்படியே காடைக்கும் செய்துவிடுவதால்தான் முதல் வாரத்திலேயே ஏராளமான குஞ்சுகளை இழக்கிறார்கள். உடல் சிறியதாக இருக்க இருக்க, எடையோடு ஒப்பிடும்போது வெப்பத்தை இழக்கும் தோல்பரப்பு கூடுகிறது. ஆகவே, கோழிக்குஞ்சு தாங்கிக்கொள்ளும் குளிரில் காடைக் குஞ்சு சில மணி நேரத்திற்குள் துவண்டுவிடும். கோழிக்குஞ்சு நீர் அருந்தும் தட்டிலேயே அது மூழ்கி இறக்கும். கோழிக்கூண்டின் கம்பிவலைக் கண் வழியே வெளியேறியும்விடும். வளர்ப்புக் காடைகள் பெரும்பாலும் அடைகாக்கும் இயல்பை இழந்துவிட்டதால், தாயின் சிறகுக்கு ஈடான கதகதப்பை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்; அதற்காக வெப்பமூட்டி வைக்கும் பெட்டியே புரூடர்.

குஞ்சுகளையோ முட்டைகளையோ நம்பகமான பண்ணையிலிருந்து மட்டுமே வாங்குங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகியவை நம் தட்பவெப்பத்திற்கு நன்கு ஒத்துவருகின்றன. வயல்வெளியில் திரியும் காட்டுக் காடைகளையும் கௌதாரிகளையும் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அவற்றின் முட்டைகளை எடுப்பதும் அப்படியே.

முதல் படி: புரூடரை முன்னதாகவே தயார் செய்தல்

குஞ்சுகள் பொரிந்த பிறகு பெட்டி தேடக் கூடாது. காடை முட்டைகள் 17 அல்லது 18 நாள்களில் பொரிந்துவிடும் என்பதால், 16ஆம் நாளிலேயே புரூடர் தயாராக இருக்க வேண்டும். 100 குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரங்களுக்கு 3 அடி நீளமும் 2 அடி அகலமும் 1½ அடி உயரமும் உள்ள பெட்டி போதுமானது. அதன் மூலைகளை அட்டையை வளைத்து வைத்து மறைத்துவிடுங்கள். குளிரிலோ அச்சத்திலோ மூலையில் குவியும் குஞ்சுகளில் அடியில் சிக்குபவை மூச்சுத் திணறி இறந்துவிடும். பக்கங்களில் வலை பயன்படுத்தினால் அதன் கண் கால் அங்குலத்திற்கு மேல் இருக்கக் கூடாது. மேற்புறத்தையும் வலையால் மூடுங்கள். எலி, பூனை, பாம்பு ஆகியவற்றைத் தடுப்பது ஒரு காரணம். இரண்டாம் வாரத்தில் குஞ்சுகளே பறக்கத் தொடங்கிவிடும் என்பது மற்றொரு காரணம்.

தரையில் இரண்டு அங்குல உயரத்திற்கு உமி, கடலைத் தோல், மரத்தூள் ஆகியவற்றில் கிடைப்பதைப் பரப்பி, அதன்மேல் முதல் மூன்று நான்கு நாள்களுக்குச் சொரசொரப்பான நெளிவு அட்டையையோ சுத்தமான சாக்குத் துணியையோ விரியுங்கள். இதனால் குஞ்சுகள் உமியைத் தீவனம் என்று எண்ணித் தின்னாமல் இருக்கும். வழவழப்பான செய்தித்தாளைத் தவிர்த்துவிடுங்கள்; கால் வழுக்கி வழுக்கித் தொடைகள் பக்கவாட்டில் விரிந்துவிட்டால், அந்தக் குஞ்சு பிறகு நேராக நிற்பது அரிது.

இரண்டாம் படி: வெப்பம்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இதுதான். 100 குஞ்சுகளுக்கு இரண்டு 60 வாட் குண்டு பல்புகளைப் பெட்டியின் ஒரு பக்கமாக மட்டும் தொங்கவிடுங்கள், எல்.இ.டி. பல்பு ஒளி தருமே தவிர, குஞ்சுக்குத் தேவையான வெப்பத்தைத் தராது. பல்பை நடுவில் தொங்கவிடாமல் ஓரமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் சூடாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்தால், தனக்கு ஏற்ற இடத்தைக் குஞ்சு தானே தேடிக்கொள்ளும். குஞ்சின் முதுகு உயரத்தில் வெப்பமானியை வைத்துப் பார்க்கும்போது, பல்பின் கீழ் முதல் வாரத்தில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம்.

வெப்பமானி தொடக்க அளவைத்தான் சொல்லும். மீதியைக் குஞ்சுகளின் நடத்தையிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். பல்பின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு ஓயாமல் கீச்சிட்டால் குளிர்கிறது என்று பொருள். பல்பைச் சற்று இறக்குங்கள். பல்பை விட்டு விலகி ஓரங்களில் அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுந்துவிட்டது. பல்பு இருக்கும் இடத்தைப் பொருட்படுத்தாமல் எல்லாக் குஞ்சுகளும் ஒரே பக்கமாக ஒதுங்கினால், எங்கிருந்தோ காற்று நேராகப் பாய்கிறது. பரவலாகச் சிதறி, சில தின்ன, சில உறங்க, மெல்லிய ஒலியோடு இருந்தால் வெப்பம் சரியாக உள்ளது. இரவு பத்து மணிக்கும் விடியலுக்கு முன்பும் ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்; காடைக் குஞ்சுகள் பெரும்பாலும் இறப்பது விடியற்காலைக் குளிரில்தான்.

சித்திரை வெயிலில் பகல் முழுவதும் பல்பை அணைத்து வைக்க நேரலாம். மின்தடைக்கு மாற்றாக இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வது நல்லது. அது இயலாதவர்கள், வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றிக் குஞ்சுகளின் இடையே வைக்கலாம். மூடிய அறையில் கரியடுப்பு வைக்க வேண்டாம். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு, குஞ்சுகளுக்கு மட்டுமல்லாமல் அதே அறையில் உறங்கும் மனிதருக்கும் உயிராபத்தை உண்டாக்கும்.

மூன்றாம் படி: தண்ணீர், பிறகு தீவனம்

பொரிந்த குஞ்சுகளை உடல் நன்கு உலரும்வரை முட்டை பொரிக்கும் கருவியான இன்குபேட்டரிலேயே விட்டு, பிறகு புரூடருக்கு மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டு மிகவும் ஆழமில்லாததாக இருக்க வேண்டும். அதில் கோலிக்குண்டுகளையோ கழுவிய கூழாங்கற்களையோ நிரப்பி, அவற்றின் இடைவெளியில் மட்டுமே தண்ணீர் தெரியும்படி வையுங்கள். நனைந்த குஞ்சும் குளிரால் இறந்துவிடும் என்பதால், ஒரு வாரம் வரை இந்தக் கற்களை எடுக்க வேண்டாம். பயணம் செய்து வந்த குஞ்சுகளாக இருந்தால், முதல் சில மணி நேரத்திற்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம் குளுக்கோஸ் கலந்து கொடுக்கலாம். தண்ணீரைக் கண்டுகொள்ளாத குஞ்சுகளின் அலகை ஒருமுறை மெதுவாக நீரில் தொட்டுவிட்டால் போதும், மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

குஞ்சுகள் தண்ணீர் அருந்திய பிறகு தீவனம் வையுங்கள். முதல் மூன்று வாரங்களுக்குக் காடைக் குஞ்சுத் தீவனத்தில் ஏறக்குறைய 27 விழுக்காடு புரதம் தேவை. முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கான தீவனத்தில் அவ்வளவு புரதம் இருக்காது. காடைத் தீவனம் கிடைக்காத ஊர்களில், பிராய்லர் தொடக்கத் தீவனத்துடன் சோயாப் புண்ணாக்குத் தூளைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்தத் தீவனமானாலும் சல்லடையில் சலித்து, பெரிய துகள்களை நீக்கி, நொய் அளவில் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்கள் விரிப்பின் மீதே தூவி, பிறகு தட்டையான தட்டுக்கு மாற்றுங்கள். ஐந்து வாரங்கள் வரை ஒரு காடை தின்னும் தீவனம் மொத்தம் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும்; ஆகவே, தீவனத்தின் தரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: அன்றாடக் கவனிப்பு

முதல் வாரத்தில் இரவும் பகலும் வெளிச்சம் இருக்கட்டும். தண்ணீர்த் தட்டை நாளுக்கு இருமுறை கழுவி, ஈரமான கூளத்தை உடனே அகற்றுங்கள். குனிந்து முகரும்போது கண் எரிந்தால் அம்மோனியா சேர்ந்துவிட்டது என்று பொருள். காற்றோட்டத்தைக் கூட்டிக் கூளத்தை மாற்ற வேண்டும். எச்சம் காய்ந்து பின்புறம் அடைத்துக்கொண்ட குஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்த்திய பிறகே கூட்டத்தில் விடுங்கள். எச்சத்தில் இரத்தம் தென்பட்டாலோ, ஒரே நாளில் பல குஞ்சுகள் சோர்ந்து போனாலோ, கடையில் கேட்டு மருந்து வாங்காமல் இறந்த குஞ்சையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வயது வேறுபட்ட குஞ்சுகளை ஒரே பெட்டியில் சேர்க்காதீர்கள். பெரியவை சிறியவற்றை மிதித்துவிடும்.

இரண்டாம் வார முடிவில் இடத்தை இரட்டிப்பாக்குங்கள். மூன்றாம் வாரத்தில் இறகுகள் உடலை மூடிவிட்ட பின், பகலில் பல்பை அணைத்துப் பாருங்கள். குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருங்காமல் நடமாடினால், மறுநாள் இரவிலும் அணைத்துவிடலாம். இந்த வயதில் மார்பு இறகுகளைக் கொண்டே பாலினத்தைப் பிரிக்க முடியும்: ஆணின் மார்பு செம்பழுப்பு நிறமாகவும், பெண்ணின் மார்பு வெளிறிய நிறத்தில் கரும்புள்ளிகளுடனும் இருக்கும். பெண் காடைகள் ஆறாம் ஏழாம் வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால், பிரித்த உடனேயே அவற்றுக்கான கூண்டுகளை ஒழுங்கு செய்துவிடுங்கள்.