பழைய புல்லட்டின் பிரீதரைச் சீரமைத்து எஞ்சின் ஆயிலின் சூட்டைக் குறைக்கும் முறை

சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350 சிசி புல்லட்டை இன்றும் ஓட்டுபவர்கள், சித்திரை வெயிலில் நெடுந்தூரம் போய் வந்தபின் எஞ்சினின் இணைப்புகளெல்லாம் ஆயிலில் நனைந்திருப்பதைப் பார்த்தவுடன் ஆயில் கூலர் பொருத்தலாமா என்று யோசிப்பது வழக்கம். அதற்குச் செலவிடும் முன், எஞ்சினின் வயிற்றுக்குள் சேரும் காற்றையும் ஆவியையும் வெளியேற்றும் பிரீதர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதே முறை. இந்த வேலைக்குக் கைக்கருவிகளும் ஒரு நாள் ஓய்வும் போதும்; எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. இங்கே விளக்கப்படுவது கியர்பாக்ஸ் தனியாகவும் எஞ்சின் தனியாகவும் இருக்கும் பழைய மாடலுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டும் ஒரே உறைக்குள் அமைந்த யூசிஇ எஞ்சினுக்கு இதை அப்படியே செய்யக் கூடாது.

பிரீதருக்கும் ஆயில் சூட்டுக்கும் என்ன தொடர்பு

இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர். ஆகவே பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் எஞ்சினின் வயிறான கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்றுக்கான இடம் 346 சிசி குறைகிறது. மேலே ஏறும்போது அதே அளவு கூடுகிறது. நான்கு சிலிண்டர் கார் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது மற்ற இரண்டும் ஏறுவதால் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தமக்குள்ளேயே சமனாகிவிடும். ஒற்றைச் சிலிண்டரில் அந்த வசதி இல்லை. நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்த 346 சிசி காற்றும் எங்காவது போயாக வேண்டும்.

குழாயை அகலப்படுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் உதவும் என்பது தெரியும்: உள்விட்டம் 12 மில்லிமீட்டர் உள்ள குழாயில் அந்தக் காற்று முழுவதையும் அந்த நேரத்துக்குள் தள்ள வேண்டுமானால், காற்று நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில், அதாவது கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தில் பாய வேண்டும். அது நடக்காது. அதனால்தான் இந்த எஞ்சினில் குழாயின் அகலத்தைவிட, வெளியே விட்டு உள்ளே விடாத ஒருவழி வால்வு முக்கியமாகிறது. பிஸ்டன் இறங்கும்போது வால்வு திறந்து காற்று வெளியேறும். ஏறும்போது வால்வு மூடிக்கொள்வதால் போன காற்று திரும்பி வராது. சில சுற்றுகளிலேயே கிராங்க்கேஸுக்குள் காற்று அடர்த்தி குறைந்துவிடும். அதன்பின் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கசிந்து வரும் எரிப்பு வாயு மட்டுமே வெளியேற வேண்டியிருக்கும். அந்தச் சிறிய அளவுக்குச் சாதாரணக் குழாயே போதும்.

வால்வு பழுதானால் நான்கு வழிகளில் ஆயில் பாதிக்கப்படுகிறது. ரிங்குகளைக் கடந்து வரும் சூடான வாயு உள்ளேயே தங்கி, சூட்டோடு பெட்ரோல் ஆவியையும் நீராவியையும் ஆயிலில் கலக்கிறது. அதே காற்று முன்னும் பின்னும் அடிபடுவதில் வீணாகும் சக்தி வெப்பமாகிறது. எஞ்சினின் தலைமேல் உள்ள ராக்கர் பெட்டியிலிருந்து, எஞ்சின் வால்வுகளை இயக்கும் புஷ்ராட் கம்பிகள் போகும் துளைகள் வழியாக இறங்க வேண்டிய ஆயிலைக் கீழிருந்து வரும் அழுத்தம் தடுக்கிறது. நான்காவதுதான் மிகப் பெரியது: அழுத்தம் ஆயிலை இணைப்புகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. மொத்தம் 2.25 லிட்டர் ஆயில் சுமக்க வேண்டிய வெப்பத்தை, அரை லிட்டர் கசிந்து போனபின் மிஞ்சிய 1.75 லிட்டர் சுமக்கிறது. ஒவ்வொரு சொட்டும் சீக்கிரமாகவே மறுபடி பம்புக்குள் போகிறது, ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரீதர் ஒரு ரேடியேட்டர் அன்று. வெளியேறும் வாயு தன்னோடு எடுத்துச் செல்லும் வெப்பம் சொற்பமே. சூடு ஏறுவதற்கான காரணங்களைக் குறைப்பதும், ஆயிலை எஞ்சினுக்குள்ளேயே முழு அளவில் வைத்திருப்பதும்தான் இந்த வேலையின் பயன். இதைப் பொருத்தியவுடன் இருபது டிகிரி குறைந்தது என்று யாராவது சொன்னால், அவர் எந்த இடத்தில் எப்படி அளந்தார் என்று கேளுங்கள்.

முதல் படி: அளவெடுத்தல்

மாற்றம் செய்யும் முன் ஆயிலின் சூட்டை அளந்து எழுதி வைக்காவிட்டால், பின்னால் சூடு குறைந்ததா என்பதை மனம் போன போக்கில்தான் சொல்ல வேண்டியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டருடன் வரும், சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் கம்பியே போதுமானது. ஆயில் டேங்க் இந்த எஞ்சினில் கிராங்க்கேஸின் பின்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, கம்பியின் முனை ஆயிலில் மூழ்கும்படி இறக்கினால் சரியான அளவு கிடைக்கும்.

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானிதான் கைவசம் இருக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை. பளபளப்பான அலுமினியத்தின் மேல் அதைக் காட்டினால் உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகவே காட்டும். கிராங்க்கேஸின் பின்பக்கத்தில், ஆயில் டேங்க் இருக்கும் இடத்தில், பெட்ரோலால் துடைத்து நன்றாக உலரவிட்டபின், நாணய அளவுக்கு வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்டைப் பூசி, எப்போதும் அந்த இடத்தில் மட்டுமே அளக்க வேண்டும்.

ஒரே பாதை, ஏறத்தாழ ஒரே நேரம், ஒரே வேகம், குறைந்தது அரை மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வெயிலின் அளவையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, ஆயில் சூட்டிலிருந்து அதைக் கழித்து வரும் வித்தியாசத்தையே ஒப்பிட வேண்டும். ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால், அதற்கும் மிகக் குறைவாக இருந்தால் ஆயிலில் சேரும் நீர் ஆவியாகிப் போகாது.

இரண்டாம் படி: எஞ்சினின் நிலையை அறிதல்

எஞ்சின் சூடாகி, அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக் என்னும் அளவுக்கோலில் ஆயில் அளவைப் பாருங்கள். பல நாள் நின்ற வண்டியில் டேங்க் ஆயில் மெல்ல வடிந்து கிராங்க் இருக்கும் பகுதிக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றினால், கிளப்பியவுடன் மிகையான ஆயில் முழுவதும் பிரீதர் வழியாக வெளியே வரும். பிரீதர் ஆயிலைக் கக்குகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பல இந்த வகைதான். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரீதர் ஹோஸின் முனையைப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் காற்று இயல்பானது. நீலப் புகை இடைவிடாமல் வந்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த எஞ்சினுக்கு வேண்டியது போரிங்கும் புதிய பிஸ்டனும், பிரீதர் வேலை அன்று.

மூன்றாம் படி: பொருள்கள்

ஆயிலையும் சூட்டையும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், உங்கள் கிராங்க்கேஸின் பிரீதர் மூக்குக்கு (ஹோஸ் மாட்டும் குழல் முனைக்கு) ஏற்ற அளவில் ஒன்றரை மீட்டர்; ஹோஸ் கிளிப்புகள்; 200 முதல் 300 மில்லி கொள்ளளவுள்ள, அடியில் வடிகால் போல்ட் உள்ள ஒரு கேட்ச் கேன், அதாவது ஆவியோடு வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் சிறு கலன்; ஒருவழி வால்வு ஒன்று. தண்ணீருக்குப் பயன்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் எஞ்சின் சூட்டில் முதலில் தொய்ந்து, பிறகு விறைத்து வெடிக்கும். அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

வால்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புல்லட்டுடன் வந்த டக்பில் என்னும் வாத்து அலகு வடிவ ரப்பர் எளிமையானது, விலை குறைந்தது, புதிதாக இருக்கும்வரை நன்றாகவே வேலை செய்வது. ஆண்டுகள் ஆனபின் அதன் உதடுகள் விறைத்துத் திறந்தே நின்றுவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உதடுகளுக்கு நடுவே கோடாக ஒளி தெரிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். என்னைக் கேட்டால், புதியவர்கள் முதலில் புதிய டக்பில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே நல்லது. பாதி வண்டிகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அதைவிட உறுதியானது வேண்டுமென்றால், கார்களின் பிரேக் பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வைச் சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம். கார் எஞ்சினின் கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வை மட்டும் வாங்கிவிடாதீர்கள்: அது உறிஞ்சல் கூடும்போது ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது, இந்த வேலைக்கு உகந்ததன்று.

நான்காம் படி: பொருத்துதல்

எஞ்சின் முழுவதும் ஆறியபின், கிராங்க்கேஸின் இடப்பக்கத்தில் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பிரீதர் மூக்கிலிருந்து பழைய ஹோஸைக் கழற்றுங்கள். சுற்றியுள்ள அழுக்கைக் கழற்றும் முன்பே துடைத்துவிட வேண்டும். திறந்தபின் துடைத்தால் மணல் உள்ளே விழும். மூக்கைத் துளையிட்டு அகலப்படுத்தும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு உலோகத் துகள் உள்ளே விழுந்தால் போதும், அது ஆயிலோடு கலந்து, கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டு பேரிங்கைத் தின்றுவிடும்.

வால்வைக் கையில் எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள். ஊதும்போது காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் எஞ்சினுக்கு வெளியே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எஞ்சின் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடாது. ஆயில் சீல்கள் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஆகவே மாட்டியபின் இன்னொரு முறையும் சரிபாருங்கள்.

பிரேக் பூஸ்டர் வால்வைப் பொருத்துவதானால், மூக்குக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். மூக்குக்கும் வால்வுக்கும் இடையில் நீண்ட ஹோஸ் இருந்தால், அதற்குள் அடைபட்ட காற்று ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி எஞ்சினுக்குள்ளேயே போய்வரும். வால்வு இருந்தும் பயன் குறையும். வால்வுக்குப் பிறகு ஹோஸ் எங்கும் தொய்ந்து தொங்காமல் ஒரே சீராக மேல்நோக்கி ஏறிக் கேட்ச் கேனை அடைய வேண்டும், ஏனென்றால் தொய்ந்த இடத்தில் நீரும் ஆயிலும் தேங்கி வழியை அடைக்கும். கேனுக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் தளர்வாக அடைத்தால், ஆவியோடு வரும் ஆயில் அதில் படிந்து கீழே சொட்டிவிடும்.

கேனிலிருந்து வெளியேறும் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுசெல்லுங்கள். பழைய நாளில் ஹோஸைப் பின்செயினுக்கு மேலே தொங்கவிட்டு, சொட்டும் ஆயில் செயினுக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுவார்கள்; அந்த ஆயில் பின்டயரிலும் தெறிக்கும் என்பதாலும், ஆவியைக் காற்றில் விடுவது சரியன்று என்பதாலும் அதைப் பின்பற்ற வேண்டாம். கேனை ரப்பர் வாஷர் வைத்து மாட்டுங்கள். புல்லட்டின் அதிர்வில் வெறும் தகடு விரைவில் விரிசல் விடும்.

ஐந்தாம் படி: சோதனை

கேனிலிருந்து ஃபில்டருக்குப் போகும் குழாயைத் தற்காலிகமாகக் கழற்றி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கேனின் வாயில் ஈரமான விரலை லேசாக வையுங்கள். காற்று விரலைத் தள்ள வேண்டும். ஒருபோதும் இழுக்கக் கூடாது. கிளப்பிய முதல் சில நொடிகளில் வலுவாகத் தள்ளி, பிறகு மெலிந்துவிட்டால் வால்வு சரியாக வேலை செய்கிறது. தள்ளலும் இழுத்தலும் மாறிமாறி வந்தால் வால்வு கசிகிறது. குமிழி வருகிறதா என்று பார்க்க ஹோஸ் முனையைத் தண்ணீரில் முக்க வேண்டாம். வால்வு கசிந்தால் எஞ்சின் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும்.

பிறகு குழாயை மாட்டி, கிராங்க்கேஸைச் சுற்றிலும் மண்ணும் பிசுக்கும் இல்லாமல் கழுவி, முதல் படியில் ஓட்டிய அதே பாதையில் ஓட்டி அளவெடுங்கள். கழுவுவதைச் சில்லறை வேலையாக நினைக்க வேண்டாம்: ஆயில் டேங்கின் சூடு அந்தச் சுவர் வழியாகத்தான் காற்றுக்குப் போகிறது, அதன் மேல் அரை விரல் கனத்துக்குப் பிசுக்கு இருந்தால் போர்வை போர்த்தியது போலாகும். வித்தியாசம் சில டிகிரிகளே இருந்தாலும் ஏமாற்றம் வேண்டாம். ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இரட்டிப்பாகும் என்பது பொது விதி. அதனால் சிறு குறைவும் ஆயிலின் ஆயுளைக் கூட்டும்.

முதல் 500 கிலோமீட்டரில் கேனின் வடிகாலைத் திறந்து பாருங்கள். சில சொட்டுகளும், மழைக்காலத்தில் மோர் நிறத்தில் நுரையும் வருவது இயல்பு. சிறு தூரமே ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராததால் நீர் தங்குகிறது, அவ்வளவுதான். வடிந்ததை மறுபடி எஞ்சினில் ஊற்ற வேண்டாம். கேன் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் முதலில் ஆயில் அளவையும், அது சரியாக இருந்தால் ரிங்குகளையும் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் கேனை வடித்து, நாரைக் கழுவி, டக்பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.