டூவாலிட்டி வியூ: எரர் காட்டாத தவறுகள்

ஒராக்கிள் தரவுத்தளத்தின் 23ஏஐ பதிப்பில் உள்ள ஜேசன் ரிலேஷனல் டூவாலிட்டி வியூ, கொழும்பில் என்னோடு வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடுகிறது. தரவு அட்டவணைகளிலேயே இருக்கும், செயலிக்கு ஜேசன் ஆவணமாக (பெயரும் மதிப்புமாக எழுதிய உரையாக) தெரியும், ஆவணத்தைத் திருத்தினால் அட்டவணையும் மாறும். அடைப்புக்குறி மறந்தது போன்ற பிழைகளை எரர் செய்தியே காட்டிவிடும். எரரே வராதவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

எல்லா அட்டவணைக்கும் அப்டேட் அனுமதி கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு இரண்டு பொடியன்கள் ஓடர் செயலி செய்தார்கள். ஓடர், அதன் கீழே வரிகள், ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயரும் விலையும். வியூவில் மூன்று அட்டவணைக்கும் இன்சர்ட், அப்டேட், டிலீட் (சேர்க்க, திருத்த, நீக்க அனுமதி) எல்லாம் போட்டிருந்தார்கள். பழகிய வாடிக்கையாளருக்குக் கழிவு கொடுக்க, கவுண்டரில் இருந்தவர் ஓர் ஓடரில் 1,450 என்றிருந்த பெயின்ட் விலையை 1,300 ஆக்கிச் சேமித்தார். ஆனால் அந்த விலை இருந்தது பொருள் அட்டவணையில். அந்தப் பெயின்ட் இருந்த பழைய ஓடர்கள் எல்லாமே 1,300 என்று காட்டத் தொடங்கின. மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் முதலாளிக்குத் தெரிந்தது. பிறகு பில் புத்தகங்களைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள்.

வியூவில் அனுமதி எதுவும் குறிப்பிடாவிட்டால் அட்டவணை வாசிக்க மட்டுமே. பொருள் அட்டவணையை அப்படியே விடுங்கள். ஆவணத்தில் யாராவது விலையை மாற்றினால் தரவுத்தளமே மறுத்துவிடும். விற்ற விலைக்கு ஓடர் வரி அட்டவணையில் தனி நிரல் (கொலம்) வையுங்கள். விலைப்பட்டியலைத் திருத்துகிறவருக்கு வேறொரு வியூ எழுதுங்கள். ஒரே அட்டவணை மேல் எத்தனை வியூவும் கட்டலாம்.

ஈடேக்கை நீக்குவது

ஆவணத்தோடு வரும் மெட்டாடேட்டாவில் (ஆவணத்தைப் பற்றிய விவரங்களில்) ஈடேக் இருக்கும். வாசித்தபோது ஆவணம் எந்த நிலையில் இருந்தது என்பதைக் குறிக்கும் அடையாளம் அது. நீங்கள் வாசித்த பிறகு வேறொருவர் திருத்தியிருந்தால் அது பொருந்தாது, உங்கள் சேமிப்பு நிராகரிக்கப்படும். அப்போது மறுபடி வாசித்துத் திருத்த வேண்டும். தேவையில்லை என்று அதை நீக்கி அனுப்பினால் இந்தச் சோதனையே நடக்காது. கடைசியாகச் சேமித்தவர் மற்றவரின் மாற்றத்தை அழித்துவிடுவார்.

பாதி ஆவணத்தை அனுப்புவது

நீங்கள் அனுப்பும் ஆவணம் பழைய ஆவணத்தின் இடத்தில் முழுதாக வந்துவிடும். வரி அட்டவணைக்கு டிலீட் கொடுத்திருந்தால், விடுபட்ட வரிகள் அட்டவணையிலிருந்தும் போய்விடும். ஒரு புலத்தை மட்டும் மாற்ற ஜேசன் டிரான்ஸ்ஃபோர்ம் என்ற ஒராக்கிள் செயல்கூறு இருக்கிறது.