வேப்பிலைப் பற்று: மரத்தை இனங்காண்பது முதல் பூசுவது வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகுவதற்கு வேப்பிலை என்று ஒடித்து வருவது பல வேளைகளில் வேம்பைப் போலத் தோன்றும் சிரிங்கா என்ற வேறொரு மரத்தின் கொப்பாகவே இருக்கிறது. வழிபாட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் கீழே சொல்லப்படும், சிரங்குக்குப் பூசும் மருந்துக்கு வேம்புதான் வேண்டும்.

முதற்படி: மரத்தை இனங்காணுதல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அரிவாள்போலச் சற்றே வளைந்து, அடிப்பகுதியில் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருக்கும். சிரிங்காவிலோ ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் சிற்றிலைகள் இருக்கும். வேப்பம்பூ வெண்மை, சிரிங்காவின் பூ இளஊதா. இலையுதிர்ந்த குளிர்காலத்தில் மஞ்சள் நிற உருண்டைக் காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் அது சிரிங்காவேதான். அந்தக் காய் நச்சுடையது என்பதால் சிறுவர்கள் அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அரைத்தல்

பூச்சிமருந்து தெளிக்கப்படாத மரத்தில் கொழுந்தும் பழுப்புமல்லாத நடுத்தர இலைகளைப் பறித்து, ஈர்க்கை நீக்கி, இரண்டு மூன்று முறை அலசுங்கள். நான்கு பங்கு இலைக்கு ஒரு பங்கு பசுமஞ்சள் சேர்த்து, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து மைய அரைக்க வேண்டும். விழுது விரலில் ஒட்டி நிற்க வேண்டும். வழிந்தால் தோலில் தங்காது. அன்று அரைத்ததை அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: பூசுதல்

முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்து, எரிச்சலோ தடிப்போ இல்லையென்றால் மட்டும் சிரங்குள்ள இடத்தில் பூசி, காய்ந்ததும் கழுவுங்கள். சிரங்கு சிற்றுண்ணியால் பரவுவது. ஆகவே துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைப்பதும், வீட்டார் அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெறுவதும் பற்று அளவுக்கே முக்கியம்.

ஆய்வு சொல்வது

1992இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில் வேம்பும் மஞ்சளும் சேர்ந்த இந்தப் பற்று 814 பேருக்குப் பூசப்பட்டு, 97 விழுக்காட்டினருக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் சிரங்கு ஆறியது. நம் பாட்டிமார் அறிவுக்கு இது பெருமை சேர்க்கிறது. ஆயினும் அது ஒரு முன்னோட்ட ஆய்வே என்பதால், மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்புக்கு மாற்றாக இதைக் கொள்ளக் கூடாது.

வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு ஒரு துளியும் புகட்டாதீர்கள். அப்படிப் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1980களில் பதிவு செய்திருக்கிறார்கள். கருவுற்றிருப்போரும் கருத்தரிக்க விரும்புவோரும் வேம்பை உள்ளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். புண்ணில் சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ பற்றை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.